அரைக்கிலோப் பழம்

கொள்ளிடப் படுகையில்
ஒன்றேகால் மா குத்தகைக்கு எடுத்தேன்.
நெல்லுக்கு ஆகாத மண்.
வண்டலும் மணலும் பாதிப்பாதி;
வேர் நினைத்த பக்கம் போகலாம்.

விதைக்கடைக்காரர் பொட்டலத்தைத் தட்டிக்காட்டினார்:
"மூணு பழம் வச்சா ஒன்றரைக் கிலோ நிக்கும்."
நான் சிரித்தேன்.
தை மாதத்தில் தராசு சிரிக்கவில்லை.

முதல் பழம் அறுநூற்று நாற்பது கிராம்.
உருண்டை என்று சொல்ல முடியாது.
பரங்கிக்காய்க்குப் பிறந்தது மாதிரி தோளெல்லாம் வரி,
அடியில் ஒரு முரட்டுத் தழும்பு.
தொப்புளைத் தைத்தவர்
ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார்.

காம்பு தாங்கவில்லை.
மூங்கிலைப் பிளந்து நட்டு
பழைய வாயில் புடவையைக் கிழித்துக் கட்டினேன்.
கொத்துக்கு இரண்டு பூ விட்டு
மிச்சத்தைக் கிள்ளிப் போட்டேன்.
நாத்தி ரோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"காய்க்கப்போறதைக் கிள்ளுற வெள்ளாமைக்காரி
ஒலகத்துல நீ ஒருத்திதான்."

தாராசுரம் மண்டி, விடியற்காலை நாலு மணி.
பதினாலு கிலோப் பெட்டியில் இருபத்தாறே பழம்.
அடியில் கிடந்தவை
திருவையாறு தாண்டும் முன்பே சட்னி.
ஏலக்காரர் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து
"ரசம் வைக்கிறவன் இதை வச்சு என்ன பண்ணுவான்?" என்றார்.
கூறு கட்டி விற்கிறவளும் கையை விரித்தாள்.
ஒற்றைப் பழத்தை வைத்தால்
அது கூறு மாதிரியே தெரியாதாம்.

அவர் சொன்னதில் பொய்யில்லை.
அன்று ராத்திரி வைத்துப் பார்த்தேன்.
சிவப்பாய்ச் சிவந்து கிடந்தது, புளிக்கவில்லை.
கோலிக்குண்டு அளவு புளி கரைத்த பிறகுதான்
ரசம் தன்னை ரசம் என்று ஒப்புக்கொண்டது.

அய்யம்பேட்டை பிரியாணி மாஸ்டர் ஜக்கரியா மட்டும்
எதுவும் பேசாமல் ஒன்றைக் குறுக்கே வெட்டினார்.
அத்தனையும் சதை. விதை அங்கொன்று இங்கொன்று.
"இது தண்ணி விடாது தங்கச்சி,
கறியைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்."
நாலு பெட்டி. ரொக்கம்.

பாபநாசத்து பேக்கரியில்
ஒரு வில்லை ஒரு ரொட்டியை முழுதாய் மூடியது.
வெளியே நீட்டிய ஓரத்தை
முதலாளி மகன் கடித்துத் தின்றுவிட்டு
உப்பு கேட்டான்.
அங்கே வாரம் பத்துக் கிலோ.

மாசியில் வரக்கூடாத மழை வந்தது.
ஒரே ராத்திரியில் தோள்தோளாய் வெடித்தன.
வெடித்ததை யாரும் வாங்க மாட்டார்கள்.
பதினெட்டுக் கிலோவை அரிந்து
நல்லெண்ணெய், கடுகு, வறுத்த வெந்தயப்பொடி,
மூன்றரை மணி நேரம் அடுப்படியில் நின்றேன்.
சதை நிறைந்த பழம் தொக்குக்கு நல்லது,
சீக்கிரம் சுண்டும் என்பார்கள்.
சுண்டியது.
பதினெட்டு நாலரை ஆனபோது
என் லாபமும் கிட்டத்தட்ட அதே கணக்கில்
சுண்டியிருந்தது.

குத்தகை போக, மூங்கில் போக, வேன் வாடகை போக
ஆயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.
தொக்கு பாட்டில்கள் தனி.
அவற்றில் மூன்றைக் கடனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இருந்தும்
ஆகப் பெரிய ஒன்றைச் செடியிலேயே பழுக்கவிட்டு
விதையைச் சாம்பலில் பிசைந்து காயவைத்தேன்.
"ஒட்டு ரகம். முளைக்கும், ஆனா தாயை மாதிரி இருக்காது"
என்றார் கடைக்காரர்.
எந்தப் பிள்ளைதான் இருக்கிறது?

மறு தையில் நாற்பது செடி, நாற்பது முகம்.
ஒன்று நீளம், ஒன்று மஞ்சள் பூத்தது,
ஒன்று பூவோடு நின்றுவிட்டது.
மேலண்டை வரப்போரம் ஒன்றில்
எலுமிச்சை அளவுக்குக் கொத்துக்கொத்தாய்;
கடித்தால் காது வரை கூசும் புளிப்பு.

ரோசலின் இரண்டாம் முறை டம்ளரை நீட்டுகிறாள்.
ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசிக்கிறேன்,
நாளைக்கு அந்தச் செடியில்
பூவைக் கிள்ளுவதா, விடுவதா.